கரு ஒட்டும் நாட்களில் கருப்பைச் செல்லுக்குள் என்ன நடக்கிறது?

குழந்தைப்பேறு பற்றிப் பேச்சு எழுந்தால் இரண்டு வாக்கியங்கள் எப்படியும் காதில் விழும். ஒன்று, "கருப்பை நிலம், கரு விதை." இன்னொன்று, "எல்லாம் ஜீன்லயே எழுதியிருக்கு." இரண்டையும் நல்ல எண்ணத்தோடு சொல்பவர்களே அதிகம். ஆனால் கரு தங்காமல் போனால் இதே வாக்கியங்கள் அந்தப் பெண் மேல் திரும்புகின்றன. "நிலம் சரியில்லை", "கர்ப்பப்பை வீக்" என்று ஒரே வரியில் தீர்ப்பு வந்துவிடுகிறது. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

நிலம் விதைக்காகச் சும்மா காத்துக் கிடக்கும். கருப்பை அப்படி இருப்பதில்லை. கரு வருமா வராதா என்று தெரிவதற்கு முன்பே, மாதாமாதம் அதன் உட்சவ்வில் உள்ள செல்கள் சில ஜீன்களைத் திறக்கின்றன, சிலவற்றை மூடுகின்றன. வடிவத்தையும் வேலையையும் மாற்றிக்கொள்கின்றன. இந்தத் திறப்பு மூடலுக்குத்தான் ஜீன் ஒழுங்குபாடு என்று பெயர். பயமுறுத்தும் பெயர்தான், ஆனால் விஷயம் பிடிபடக் கூடியதே. அடியிலிருந்து தொடங்குவோம்.

ஜீன் இருப்பது வேறு, வேலை செய்வது வேறு

நம் உடலின் ஏறக்குறைய எல்லாச் செல்லிலும் ஒரே டி.என்.ஏ. இருக்கிறது. நீட்டிப் பிடித்தால் சுமார் 2 மீட்டர் வரும் இழை, செல்லுக்குள் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத உட்கரு என்ற சிறு பைக்குள் மடிந்து கிடக்கிறது. அதில் ஏறத்தாழ 20,000 இடங்களில் புரதம் செய்வதற்கான குறிப்புகள் உள்ளன. அப்படிப்பட்ட ஒரு குறிப்புதான் ஜீன். புரதம் என்றதும் சாப்பாடு நினைவுக்கு வரலாம். இங்கே நாம் பேசுவது செல்லின் வேலையாட்களைப் பற்றி. செல்லின் வடிவம், அது சுரப்பது, பக்கத்துச் செல்லோடு பேசுவது எல்லாமே புரதங்களின் கைவேலை.

கல்லீரல் செல்லிலும் கண் செல்லிலும் கருப்பைச் செல்லிலும் இருப்பது அதே 20,000 குறிப்புகள்தான். 1996-இல் பிறந்த டாலி என்ற செம்மறி ஆட்டின் மூலம் உலகமே இதை நேரில் பார்த்தது. வளர்ந்த ஆட்டின் மடியிலிருந்து எடுத்த செல்லின் உட்கருவைக் கொண்டே ஒரு முழு ஆட்டை உருவாக்க முடிந்தது. கண், குளம்பு, மூளை எல்லாவற்றுக்குமான குறிப்புகளும் அந்த மடிச் செல்லுக்குள் அழியாமல் இருந்தன. மடியில் அவை வாசிக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

வாசிப்பது என்றால் என்ன? நூலகத்தில் வெளியே எடுத்துப் போகக்கூடாத புத்தகங்கள் இருக்குமே, அவற்றை நினைத்துக்கொள்ளுங்கள். வேண்டிய பக்கத்தை ஜெராக்ஸ் எடுக்கலாம், புத்தகம் அங்கேயே இருக்கும். டி.என்.ஏ. உட்கருவை விட்டு வெளியே வராது. தேவைப்படும் ஜீனுக்கு மட்டும் ஆர்.என்.ஏ. என்ற நகல் எடுக்கப்பட்டு வெளியே போகும். அதைப் பார்த்துப் புரதம் செய்யப்படும். நகல் எடுக்கும் இந்த வேலைக்குப் படியெடுத்தல் என்று பெயர்.

எத்தனை நகல் என்பதும் முக்கியம். ஜீன் "ஆன்" ஆகிறது, "ஆஃப்" ஆகிறது என்று பேச்சு வழக்கில் சொல்கிறோம். உண்மையில் அது ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி. முழுக்க நிறுத்தலாம், மெதுவாக ஓடவிடலாம், வேகத்தைக் கூட்டலாம். ஒரு செல் எந்தச் செல் என்பதைத் தீர்மானிப்பது, அதன் ஆயிரக்கணக்கான ரெகுலேட்டர்கள் எந்தெந்த எண்ணில் நிற்கின்றன என்பதுதான்.

சுருக்கமாக, குறிப்பு எல்லாச் செல்லிலும் உண்டு. எதை, எப்போது, எவ்வளவு படியெடுப்பது என்பதில்தான் செல்லுக்குச் செல் வேறுபாடு. "ஜீன்ல இருக்கு" என்று சொன்னால் பாதிச் செய்திதான் சொல்லியிருக்கிறோம்.

ரெகுலேட்டரைத் திருப்பும் கை

ஜீனுக்கு அருகிலோ, சில சமயம் வெகு தொலைவிலோ, சிறு எழுத்துக் கோர்வைகள் டி.என்.ஏ.வில் இருக்கும் (இழையைக் கட்டும் வேதி அலகுகளைத்தான் எழுத்து என்கிறேன்). அவற்றை அடையாளம் கண்டு அதன்மேல் போய் உட்காரும் புரதங்களுக்குப் படியெடுத்தல் காரணிகள் என்று பெயர். இனி காரணி என்றே சொல்கிறேன். காரணி உட்கார்ந்ததும் நகலெடுக்கும் இயந்திரம் அங்கே வரவழைக்கப்படும், அல்லது துரத்தப்படும். அது உட்காரும் இடம் தொலைவில் இருந்தால்? இழை வளைந்து வந்து இரண்டு இடங்களையும் பக்கத்தில் கொண்டுவந்துவிடும். பெல்ட்டின் இரு முனைகளும் இடுப்பில் சேர்வது போல.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. டி.என்.ஏ. வெறும் இழையாகக் கிடப்பதில்லை. ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளில் நூல்கண்டு போலச் சுற்றப்பட்டிருக்கிறது. இறுக்கமாகச் சுற்றிய பகுதியில் காரணி உட்கார இடமிருக்காது. தளர்ந்த பகுதியில் இருக்கும். ஹிஸ்டோன் மேல் சிறு வேதிக் குறிகளை ஒட்டி, ஒரு பகுதியைத் தளர்த்தவோ இறுக்கவோ செல்லால் முடியும். எழுத்து ஒன்றுகூட மாறாது. வாசிக்கும் வசதிதான் மாறும்.

சரி, இதில் கருப்பை எங்கே வருகிறது? புரோஜெஸ்ட்ரான் என்ற ஹார்மோன் வழியாக வருகிறது. முட்டை வெளியான பிறகு, சினைப்பையில் அது இருந்த இடம் ஒரு சிறு மஞ்சள் நிறச் சுரப்பியாக மாறும். அதற்குக் கார்பஸ் லூட்டியம் என்று பெயர். புரோஜெஸ்ட்ரானைச் சுரப்பது அதுதான். ஹார்மோன் ரத்தத்தில் கலந்து உடல் முழுக்கப் போகிறது, ஆனால் எல்லாச் செல்லும் அதைக் கேட்பதில்லை. அதைப் பிடித்துக்கொள்ளும் புரதம், அதாவது ஏற்பி, இருக்கும் செல்தான் கேட்கும்.

புரோஜெஸ்ட்ரான் ஏற்பியில் ஓர் அழகு உண்டு. அந்த ஏற்பியே ஒரு காரணியும் கூட. ஹார்மோன் வந்து ஒட்டியதும் அது நேராக டி.என்.ஏ.வில் போய் உட்கார்ந்து ரெகுலேட்டர்களைத் திருப்பத் தொடங்கும். கடிதத்தை வாங்குபவரே உத்தரவையும் நிறைவேற்றுகிறார், இடையில் ஆள் இல்லை. இந்த ஏற்பிக்கான ஜீனை நீக்கிய பெண் எலிகளைப் பற்றி 1995-இல் ஆய்வு வெளிவந்தது. அவற்றின் கருப்பைச் செல்கள் கர்ப்பத்துக்கு ஏற்றபடி உருமாறவே இல்லை.

அந்த ஏற்பி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அதற்கும் ஒரு முன்கதை உண்டு. மாதச் சுழற்சியின் முதல் பாதியில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் உட்சவ்வை வளர்க்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். கூடவே அது செய்யும் இன்னொரு வேலையை யாரும் பேசுவதில்லை. புரோஜெஸ்ட்ரான் ஏற்பிக்கான ஜீனை அது தூண்டிவிடுகிறது. அடுத்த வாரம் வரப்போகும் செய்திக்கு இந்த வாரமே காதுகள் முளைக்கின்றன.

இதுவரை பார்த்ததன் சாரம் இது: ஹார்மோன் செய்தி, ஏற்பி அதைக் கேட்கும் காது, காரணி ரெகுலேட்டரைத் திருப்பும் கை, ஹிஸ்டோன் அந்தக் கை எட்டுமா எட்டாதா என்று தீர்மானிக்கும் சுற்று.

ஒரு செல் ஆள் மாறுகிறது

கருப்பையின் உட்சவ்வில் மேற்பரப்பு செல்கள் ஓர் அடுக்காக இருக்கும். அதற்குக் கீழே நிரவிக் கிடப்பவை ஸ்ட்ரோமா செல்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் ஒல்லியாக, இரு முனையும் கூராக, தறியில் ஓடும் நாடாவைப் போல இருக்கும். அவற்றைத் தட்டில் வளர்த்து, புரோஜெஸ்ட்ரானும், சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற செல்லுக்குள் ஓடும் சிறு தூது மூலக்கூறும் கிடைக்கச் செய்தால், சில நாட்களில் ஒல்லி செல்கள் உப்பத் தொடங்கும். உட்கரு உருண்டு பெரிதாகும். செல்லுக்குள் சத்து சேமிப்பு கூடும். நான்கைந்து நாளில் முதலில் பார்த்த செல்லா இது என்று கேட்கும்படி ஆகிவிடும். நம் உடலுக்குள்ளும் இதுவே நடக்கிறது. இப்படி உருமாறிய உட்சவ்வுக்கு டெசிடுவா என்று பெயர். லத்தீனில் உதிர்வது என்று பொருள், இலையுதிர் மரங்களைக் குறிக்கும் அதே சொல். பிரசவத்தின்போது உதிர்ந்துவிடுவதால் வந்த பெயர்.

உள்ளே ஒரு பெரிய குழுவே வேலை செய்கிறது. புரோஜெஸ்ட்ரான் ஏற்பி தனியாக இதைச் செய்வதில்லை. சைக்ளிக் ஏ.எம்.பி.யின் தூண்டுதலில் ஃபாக்ஸ்ஓ1 என்ற காரணி கூட்டு சேர்கிறது. ஹாக்ஸ்ஏ10 போன்றவையும் உண்டு. மாடிப்படி விளக்குக்கு மேலும் கீழும் இரண்டு சுவிட்ச் இருக்கும், எதைப் போட்டாலும் எரியும். இங்கே அப்படி இல்லை. பல ஜீன்களில் இரண்டு மூன்று காரணிகள் ஒரே நேரத்தில் கை வைத்தால்தான் ரெகுலேட்டர் முழுதாகத் திரும்பும். ஒரு தவறான செய்தியால் கருப்பை அவசரப்பட்டு மாறிவிடாமல் இருக்க இது ஒரு நல்ல காவல்.

இந்த உருமாற்றத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் புரோலாக்டின் ஜீன். புரோலாக்டின் என்றால் தாய்ப்பால் ஹார்மோன், மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி சுரப்பது என்றுதான் படித்திருப்போம். டெசிடுவா செல்லும் அதே ஹார்மோனைச் சுரக்கிறது! ஜீன் ஒன்றேதான். ஆனால் படியெடுக்கத் தொடங்கும் இடம் வேறு. பிட்யூட்டரி தொடங்கும் இடத்துக்குச் சுமார் 6,000 எழுத்துகள் முன்னாலிருந்து கருப்பைச் செல் தொடங்குகிறது. ஒரே வீட்டுக்கு இரண்டு வாசல் போல. அந்த இரண்டாவது வாசல், நெடுங்காலத்துக்கு முன் நம் மூதாதை விலங்குகளின் டி.என்.ஏ.வுக்குள் தாவி வந்து ஒட்டிக்கொண்ட ஒரு துண்டிலிருந்து உருவானது. ஒரு காலத்தில் குப்பை டி.என்.ஏ. என்று ஒதுக்கப்பட்ட வகைத் துண்டு அது. இப்போது கர்ப்பத்தில் ஒரு ஜீனின் வாசலாக நிற்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எலிகளில் இந்த உருமாற்றம் கரு வந்து தொட்ட பிறகுதான் தொடங்கும். மனிதர்களில் கருவுக்காகக் காத்திருக்காமல் மாதாமாதம் தானாகவே தொடங்குகிறது. கரு வராவிட்டால் உருமாறிய செல்களைத் திரும்பப் பழையபடி ஆக்க முடியாது, களையத்தான் வேண்டும். அதுதான் மாதவிடாய். பெரும்பாலான பாலூட்டிகளுக்கு மாதவிடாய் இல்லாததற்கும் நமக்கு இருப்பதற்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

சில நாட்களே திறக்கும் கதவு

கருப்பை எந்த நாளும் கருவை ஏற்றுக்கொள்ளாது. 28 நாள் சுழற்சியில் ஏறக்குறைய 20 முதல் 24-ஆம் நாள் வரைதான் கதவு திறந்திருக்கும். அதற்கு முன்னும் பின்னும், எவ்வளவு நல்ல கரு வந்தாலும் மேற்பரப்பு ஒட்டவிடாது.

அந்தக் கதவைத் திறக்கும் ஜீன்களில் ஒன்று லிஃப் என்று சுருக்கமாக அழைக்கப்படும் புரதத்துக்கானது. 1992-இல் வெளியான சோதனை இந்தத் துறையில் இன்றும் பேசப்படுகிறது. லிஃப் ஜீன் இல்லாத பெண் எலிகளில் முட்டை வெளியானது, கரு உருவானது, கருப்பைக்கும் வந்து சேர்ந்தது. ஆனால் ஒட்டவில்லை. அதே கருக்களை எடுத்து, லிஃப் உள்ள வேறு எலியின் கருப்பையில் வைத்தபோது ஒட்டின, வளர்ந்தன, குட்டிகள் பிறந்தன. கருவில் ஒரு குறையும் இல்லை. கருப்பை ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டதுதான் குறை.

மேற்பரப்பு செல்களுக்கும் கீழே உள்ள ஸ்ட்ரோமா செல்களுக்கும் இடையே இந்த நாட்களில் ஓயாத பேச்சு நடக்கிறது. ஓர் உதாரணம் போதும். ஈஸ்ட்ரோஜனால் மேற்பரப்பு செல்கள் பெருகிக்கொண்டே இருந்தால் கரு ஒட்ட முடியாது. அந்தப் பெருக்கத்தை நிறுத்தும் உத்தரவு கீழிருந்து வருகிறது. புரோஜெஸ்ட்ரான் ஸ்ட்ரோமா செல்லில் ஹேண்ட்2 என்ற காரணியை உருவாக்குகிறது. ஹேண்ட்2, அந்தச் செல் மேலே அனுப்பிக்கொண்டிருந்த வளர்ச்சிச் செய்திகளைக் குறைக்கிறது. செய்தி நின்றதும் மேற்பரப்பு பெருகுவதை நிறுத்துகிறது. ஒரு ஜீனைத் திறந்ததால் வேறு சில ஜீன்கள் அடங்கி, பக்கத்துச் செல்லின் போக்கே மாறிவிட்டது.

மூடுவதும் வேலைதான்

இதுவரை திறப்பதைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். மூடுவதைப் பற்றிப் பேசாமல் விட்டால் கதை பாதியில் நிற்கும்.

கருவின் பாதி தந்தையிடமிருந்து வந்தது. தாயின் நோய் எதிர்ப்பு அமைப்புக்கு அது அந்நியப் பொருள். மாற்று உறுப்பைத் தாக்குவது போல ஏன் தாக்குவதில்லை? "கர்ப்ப காலத்தில் எதிர்ப்பு சக்தியே குறைந்துவிடும்" என்று பொதுவாக ஒரு பதில் சொல்லப்படும். அது முழு உண்மை இல்லை. முதல் மூன்று மாத டெசிடுவாவைப் பார்த்தால் எதிர்ப்பு செல்கள் கூட்டமாகவே இருக்கும். அவற்றில் பெரும்பங்கு ஒருவகை இயற்கைக் கொல்லி செல்கள். பெயரைக் கேட்டுப் பதற வேண்டாம். இங்கே அவை தாயின் ரத்தக் குழாய்கள் அகலமாகி, கருவுக்கு ரத்தம் தாராளமாக வருவதற்கு உதவுகின்றன.

உண்மையில் கட்டுப்படுத்தப்படுவது டி செல்கள் என்ற வேறு வகை. உடலில் எங்காவது அழற்சி வந்தால் அங்குள்ள திசு சில அழைப்புப் புரதங்களை வெளியிடும், டி செல்கள் அந்த வாடையைப் பிடித்து ஓடிவரும். எலி டெசிடுவாவில் நடந்த ஆய்வு 2012-இல் காட்டியது இதைத்தான்: ஸ்ட்ரோமா செல்கள் உருமாறும்போது, அந்த அழைப்புப் புரதங்களுக்கான ஜீன்களின் ஹிஸ்டோன்களில் மூடல் குறிகள் ஒட்டப்படுகின்றன. சுற்று இறுகிவிடுகிறது. அழைப்புக் குரலே எழும்பாததால் டி செல்கள் அங்கே திரளுவதில்லை. தாயின் எதிர்ப்பு சக்தி அணைந்துவிடவில்லை. கரு இருக்கும் அந்த ஒரு திசுவில் மட்டும் சில பக்கங்கள் மூடி வைக்கப்பட்டிருக்கின்றன.

கதவு திறப்பதற்கு லிஃப் போன்றவை உரக்கப் பேச வேண்டும். கரு தங்குவதற்கு வேறு சில ஜீன்கள் வாய் திறக்காமல் இருக்க வேண்டும். இரண்டும் ஒழுங்குபாடுதான்.

இதை வைத்து நாம் கேட்கும் பேச்சுகளைப் பார்த்தால்

"உட்சவ்வு நல்ல தடிமனாக இருக்கிறது, அப்புறம் ஏன் ஒட்டவில்லை?" ஸ்கேனில் தெரிவது மில்லிமீட்டர் கணக்கு. மிகவும் மெலிந்திருந்தால் அது கவனிக்க வேண்டியதே. ஆனால் உள்ளே எந்த ஜீன் படியெடுக்கப்படுகிறது என்பதை ஸ்கேன் காட்டாது. புத்தகம் தடிமனாக இருக்கிறது என்பதை வைத்து எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று சொல்ல முடியுமா?

உறைய வைத்த கருவைப் பிறகு கருப்பையில் வைக்கும் சிகிச்சையில், சுழற்சி முழுவதையும் மருந்தால் நடத்தும் முறை ஒன்று உண்டு. அதில் முட்டை வெளியாவதில்லை, எனவே கார்பஸ் லூட்டியமும் இல்லை. அதனால்தான் புரோஜெஸ்ட்ரானை வெளியிலிருந்து வாரக்கணக்கில் தருகிறார்கள். அது வெறும் சத்து மருந்து இல்லை. இதுவரை பார்த்த எல்லா ரெகுலேட்டர்களையும் திருப்பும் செய்தியே அதுதான். தொடங்கும் நாளை மருத்துவர் எண்ணி எண்ணிக் குறிப்பதும் கதவு திறக்கும் நாளோடு கருவின் வயது பொருந்த வேண்டும் என்பதற்காகவே. வேளை தவறாமல் எடுங்கள், மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

அப்புறம் அந்தக் "கர்ப்பப்பை வீக்". முதல் மூன்று மாதங்களில் நேரும் கருச்சிதைவுகளில் ஏறத்தாழ பாதி, கருவில் டி.என்.ஏ.வைச் சுமக்கும் கட்டுகளான குரோமோசோம்களின் எண்ணிக்கை பிசகியதால் நேர்பவை. அதாவது முட்டையும் விந்தணுவும் உருவானபோதோ, சேர்ந்த உடனேயோ நடந்த தற்செயல் பிழை. மாடிப்படி ஏறியதோ, கோபப்பட்டதோ, அழுததோ அந்த எண்ணிக்கையை மாற்றியிருக்க முடியாது. தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணிடம் இதை யாராவது முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

கரு அனுப்பும் பதில்

கார்பஸ் லூட்டியத்தின் ஆயுள் சுமார் 14 நாள். அது சுருங்கினால் புரோஜெஸ்ட்ரான் குறையும். குறைந்ததும், உருமாற்றத்துக்குத் துணை நின்ற அதே ஃபாக்ஸ்ஓ1, உட்கருவுக்குள் திரண்டு செல்லைச் சாகச் செய்யும் ஜீனைத் தூண்டுகிறது. காரணி அதேதான், உடன் இருந்த கூட்டாளி போய்விட்டதால் வேலை தலைகீழாகிவிட்டது. டெசிடுவா உதிர்கிறது, மாதவிடாய் வருகிறது.

இந்தக் கெடுவுக்குள் கரு பேசியாக வேண்டும். ஒட்டத் தொடங்கியதுமே, அதன் வெளிப்புறச் செல்கள் எச்.சி.ஜி. என்ற ஹார்மோனைத் தாயின் ரத்தத்தில் விடுகின்றன. அது சினைப்பைக்குப் போய், கார்பஸ் லூட்டியத்தைச் சுருங்க விடாமல் தாங்கிப் பிடிக்கிறது. புரோஜெஸ்ட்ரான் தொடர்கிறது, ஏற்பிகள் டி.என்.ஏ.வை விட்டு எழுவதில்லை, ஃபாக்ஸ்ஓ1 பழைய வேலையிலேயே நிற்கிறது. 7 முதல் 9-ஆம் வாரத்துக்குள் நஞ்சுக்கொடியே போதிய புரோஜெஸ்ட்ரானைச் சுரக்கத் தொடங்கும்வரை இந்த ஏற்பாடு தாங்கும்.

மாதவிடாய் தள்ளிப்போன காலையில் சோதனைப் பட்டையில் மெல்லத் தெரியும் இரண்டாவது கோடு, சிறுநீரில் வந்து சேர்ந்த அந்த எச்.சி.ஜி.தான். கரு தன் முதல் செய்தியைச் சினைப்பைக்கு அனுப்பியிருக்கிறது. அதன் ஒரு பிரதி நம் கண்ணுக்கும் கிடைத்திருக்கிறது.